மாடு செத்தால் ஒரு கணக்கு, புல் காய்ந்தால் வேறு கணக்கு

2013 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து மேற்குப் புல்வெளிகளில் மழை பிடித்தது. மாடுகள் அப்போதும் கோடை மேய்ச்சலில்தான் நின்றிருந்தன. குளிர்காலத்துக்கான அடர்ந்த ரோமம் இன்னும் வளரவில்லை. தோல்வரை நனைந்து நின்றவற்றின் மீது மறுநாள் அந்த மழையே ஈரப்பனியாக மாறிக் கொட்டியது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றும் சேர்ந்துகொண்டது. அத்தகைய காற்றை மாடு எதிர்த்து நிற்காது. முதுகைக் காட்டிக்கொண்டு காற்று தள்ளும் திசையில் நடக்கத் தொடங்கிவிடும். மந்தை மந்தையாக அப்படித்தான் நடந்தன. பனி மூடிய வேலிகளின் மேலேறி அடுத்தவர் நிலம், அதற்கும் அடுத்தவர் நிலம் என்று பல மைல் போயின. பனி உருகத் தொடங்கியபோது ஓடைப் பள்ளங்களிலும் குட்டைகளிலும் வேலி மூலைகளிலும் அவை கிடந்தன. மாநிலக் கால்நடை வாரியத்தில் பதிவானவை மட்டுமே சுமார் 14,000 மாடுகள். உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பதில் அங்கு யாருக்கும் ஐயமில்லை.

அட்லஸ் என்று பெயர் பெற்ற அந்தப் புயல் வந்த நேரம்தான் இன்னும் கொடுமையானது. செலவின மசோதா நிறைவேறாமல் அக்டோபர் 1 அன்று அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன. மாடு இழந்தவர்கள் முறையிட வேண்டிய உள்ளூர் வேளாண் அலுவலகத்தின் கதவும் பூட்டியே இருந்தது. திறந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. செத்த கால்நடைக்கு இழப்பீடு கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பர் 30 அன்றே காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்க வேண்டிய சட்டம் வாஷிங்டனில் இரண்டு ஆண்டுகளாக இழுபறியில் கிடந்தது.

அமெரிக்காவில் மாட்டுப் பண்ணையாளர்களுக்கு அரசு தரும் பேரிடர் நிவாரணம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஒரு வாரத்தைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இந்த நிவாரணம் ஓர் அதிகாரி மனமிரங்கிக் கொடுப்பதோ, முதலமைச்சர் வந்து பார்த்து அறிவிப்பதோ அல்ல. சட்டத்தில் எழுதிவைத்த ஒரு கணக்கு. கணக்கு இருந்தால் பணம் வரும். இல்லையென்றால் எத்தனை ஆயிரம் மாடு செத்தாலும் வராது. பேரிடர் நடக்கும் நாளில் அந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு மாநிலமும் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் மாவட்டம் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மக்கள்தொகையில் ஒப்பிட முடியாது. புயலில் அடிபட்ட மீட் கவுண்டி தெற்கு டகோட்டாவிலேயே பரப்பில் பெரியது. சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். அதில் வாழ்பவர்கள் 30,000 பேர்தான். மேற்கு ஓரத்தில் பிளாக் ஹில்ஸ் மலை. கிழக்கே போகப்போக மரமே இல்லாத புல்வெளி. வானம் பார்த்த பூமி. பயிர் செய்தால் பிழைக்காது, புல் மட்டும் பிழைக்கும். அந்தப் புல்லை மனிதன் தின்ன முடியாது, மாடு தின்னும். அங்கே மாட்டுப் பண்ணை என்ற தொழில் உருவானதற்குக் காரணம் இதுவே. இப்படிப்பட்ட வறண்ட புல்வெளியில் ஒரு பசுவும் அதன் கன்றும் ஆண்டு முழுக்க மேய 20 ஏக்கருக்கு மேல் வேண்டியிருக்கும்.

பண்ணையாளரின் ஆண்டு இப்படி ஓடும். வசந்தத்தில் பசுக்கள் கன்று போடும். கோடை முழுக்கத் தாயும் கன்றும் புல்வெளியில் மேயும். இலையுதிர் காலத்தில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துச் சந்தையில் விற்பார்கள். ஆண்டு வருமானம் என்பது பெரும்பாலும் அந்த ஒரு விற்பனைதான். பசுக்கள் அதற்குள் மறுபடி சினையாகியிருக்கும். குளிர்காலத்தில் அவற்றுக்குச் சேமித்த வைக்கோல் போட்டுக் காப்பாற்றி அடுத்த வசந்தத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பசு செத்தால், கூடவே வயிற்றில் இருக்கும் அடுத்த ஆண்டுக் கன்றும் போகிறது, இந்த ஆண்டு விற்கவிருந்த கன்று தாயில்லாமல் நிற்கிறது. மீட் கவுண்டியில் பல பண்ணைகளில் அந்தக் கன்றும் சேர்ந்தே செத்துப்போனது.

நிவாரணம் கொடுக்கும் நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயங்கும் பண்ணைச் சேவை முகமை. நாடு முழுவதும் அதற்கு 2,000-க்கு மேற்பட்ட உள்ளூர் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்தந்த வட்டாரத்து விவசாயிகளும் பண்ணையாளர்களும் தங்களுக்குள்ளேயே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு ஒவ்வோர் இடத்திலும் உண்டு. விண்ணப்பங்களை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதில் அந்தக் குழுவுக்குப் பங்கு இருக்கிறது. மந்தையின் அளவும் வேலியின் நிலையும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்களே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதை நான் இந்த ஏற்பாட்டின் நல்ல அம்சமாகக் கருதுகிறேன். பொய்க் கணக்கு எழுதுவது அங்கே அவ்வளவு எளிதல்ல.

இனி இரண்டு பெரிய திட்டங்களுக்கு வருவோம். ஒன்று செத்த மாட்டுக்கு, மற்றொன்று காய்ந்த புல்லுக்கு. இரண்டும் முற்றிலும் வேறுவிதமாகச் சிந்திக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

செத்த மாட்டுக்கானது கால்நடை இழப்பீட்டுத் திட்டம், அங்கே எல்.ஐ.பி. என்பார்கள். பனிப்புயல், வெள்ளம், மின்னல், காட்டுத்தீ, கடும் வெப்பம் போன்றவற்றால் கால்நடை இறந்தால், இறப்பதற்கு முந்தைய நாள் அது என்ன விலை போயிருக்குமோ அதில் 75 சதவீதம். ஒவ்வொரு பண்ணையாளரின் மாட்டையும் தனித்தனியாக மதிப்பிடுவதில்லை. வகைக்கும் எடைக்கும் ஏற்ப நாடு முழுவதுக்கும் ஒரே விலைப்பட்டியல் வெளியிடுவார்கள். நாற்பது ஆண்டு பொறுக்கி எடுத்து வளர்த்த மந்தையின் பசுவுக்கும், போன மாதம் சந்தையில் ஓட்டிவந்த பசுவுக்கும் பட்டியலில் ஒரே விலைதான்.

இதில் ஒரு கழித்தல் உண்டு. எந்த மந்தையிலும் எந்த ஆண்டிலும் சில மாடுகள் நோயிலோ கன்று ஈனும்போதோ இறக்கத்தான் செய்யும். அதை இயல்பான இறப்பு என்று ஒதுக்கிவிட்டு, அதற்கு மேற்பட்டதற்கே பணம். ஒரு கற்பனைப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். 200 பசுக்கள், இயல்பான இறப்பு நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தால் மூன்று பசுக்கள். புயலில் 43 செத்தன. மூன்றைக் கழித்தால் 40. ஒரு பசுவின் விலை 1,600 டாலர் என்றால் 75 சதவீதம் 1,200 டாலர். ஆக மொத்தம் 48,000 டாலர். இழந்த பசுக்களின் சந்தை மதிப்போ 68,800 டாலர். வயிற்றில் இருந்த கன்றுகள் இந்தக் கணக்கில் இல்லை. பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. பிறக்காத கன்றுக்கும் தனியாகத் தொகை தரும் ஏற்பாடு 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தில்தான் வந்தது. மிகவும் தாமதம் என்றாலும் நியாயமான மாற்றம்.

அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. ஓநாய் போன்ற, மத்திய அரசே காட்டில் மீண்டும் கொண்டுவந்து விட்ட அல்லது சட்டப்படி பாதுகாக்கிற விலங்குகள் மாட்டைக் கொன்றால், இனி 75 அல்ல, சந்தை விலையின் 100 சதவீதம். 1995-இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்களை விட்டதிலிருந்து சுற்றுவட்டாரப் பண்ணையாளர்கள் கேட்டுவந்த கேள்விக்கு இது ஒரு பதில்: காட்டை மீட்பது நாட்டின் விருப்பம் என்றால் அதன் விலையை ஒரு குடும்பம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

பணம் கேட்பவர் சாவை நிரூபிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அட்லஸ் ஓய்ந்த மறுநாள் ஒரு பண்ணையாளர் எதைச் செய்ய வேண்டியிருந்தது? உயிரோடு இருப்பவற்றை முதலில் தேட வேண்டும். அவை பத்து பண்ணைகளின் மாடுகளோடு கலந்து எங்கேயோ நிற்கின்றன. தொடையில் போட்ட சூட்டுக்குறியையும் காது வில்லையின் எண்ணையும் வைத்துத்தான் யாருடையது என்று பிரிக்க முடியும். செத்துக் கிடப்பதன் காதிலிருந்து பனியைத் துடைத்து, வில்லை எண்ணைப் படித்து, தேதியோடு புகைப்படம் எடுத்து, சட்டைப்பையில் இருக்கும் சிறிய நோட்டில் குறிக்க வேண்டும். அதே நோட்டில்தான் வசந்தத்தில் அந்தப் பசு என்று கன்று போட்டது, கன்று எப்படி இருந்தது என்று எழுதியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் பிறப்பும் இறப்பும். கால்நடை மருத்துவரின் குறிப்பு, உடல்களை அள்ளிப்போன லாரியின் ரசீது, நேரில் பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரரின் கையெழுத்து, வங்கிக் கடன் பத்திரத்தில் இருக்கும் மந்தைக் கணக்கு ஆகியவையும் சான்றாகும். வெயில் ஏறிப் பனி உருகினால் உடல்கள் அழுகத் தொடங்கும் என்பதால் உடனே புதைத்தாக வேண்டும். அதற்காகவே பக்கத்து பென்னிங்டன் கவுண்டியில் பெரிய குழிகள் தோண்டப்பட்டன. புதைத்துவிட்டால் சான்று போய்விடும். அலுவலகமோ பூட்டியிருக்கிறது, திட்டமோ நடைமுறையில் இல்லை. இருந்தும், என்றாவது சட்டம் வந்தால் உதவும், எல்லாவற்றையும் படம் எடுத்து எழுதிவையுங்கள் என்றே எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது காய்ந்த புல்லுக்கு வருவோம். இதற்கான திட்டம் எல்.எஃப்.பி. எனப்படும் கால்நடைத் தீவனப் பேரிடர் திட்டம். புயல் ஒரு நாளில் வருகிறது. வறட்சிக்கு வந்த நாள் என்று ஒன்று கிடையாது. புல் காய்ந்ததை எப்படிப் படம் எடுத்துக் காட்டுவது? எவ்வளவு காய்ந்தால் பேரிடர்? இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சட்டம் எழுதியவர்கள் ஒரு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் 1999-இலிருந்து வாரந்தோறும் வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சித் தணிப்பு மையமும் மத்திய வானிலை, வேளாண் துறைகளும் சேர்ந்து தயாரிக்கின்றன. செவ்வாய் காலை வரையிலான தரவுகளை வைத்து வியாழக்கிழமை வெளியிடுவார்கள். மஞ்சள் நிறத்தில் டி0 என்றால் வழக்கத்தைவிட வறண்டது, அவ்வளவுதான். டி1 மிதமான வறட்சி, டி2 கடுமையானது, டி3 மிகக் கடுமையானது, டி4 அரிதாக நேரும் உச்ச நிலை. அதற்கு அடர் செம்பழுப்பு நிறம். மேய்ச்சல் வட்டாரங்களில் வியாழக்கிழமை காலையில் தேர்வு முடிவைப் பார்ப்பதுபோல இந்த வரைபடத்தைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. காரணம் எளிது. நிறம் மாறினால் பணம் மாறும்.

புல்வெளிக்கு உரிய மேய்ச்சல் பருவத்தில், ஒரு கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதி டி2 நிறத்தில் தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால், அந்தக் கவுண்டியின் தகுதியுள்ள பண்ணையாளர்களுக்கு ஒரு மாதத் தீவனத் தொகை. இது பல ஆண்டுகள் இருந்த விதி. 2025 சட்டம் அதை நான்கு வாரமாகக் குறைத்து, எட்டு வாரத்தில் ஏழு வாரம் அப்படி இருந்தால் இரண்டு மாதத் தொகை என்று தளர்த்தியது. பருவத்தில் எப்போதாவது டி3 தொட்டாலே மூன்று மாதம். டி3 நான்கு வாரம் நீடித்தாலோ டி4 ஒரு முறை தொட்டாலோ நான்கு மாதம். டி4 நான்கு வாரம் இருந்துவிட்டால் ஐந்து மாதம். மேய்ச்சல் பருவத்துக்கு வெளியே வரைபடம் எவ்வளவு சிவந்தாலும் சல்லிக்காசு கிடையாது. அப்போது புல் வளரும் காலமே இல்லை.

‘ஏதேனும் ஒரு பகுதி’ என்ற சொற்களைக் கவனியுங்கள். மீட் கவுண்டி 9,000 சதுர கிலோமீட்டர் என்றேன். அதன் வடகிழக்கு மூலையை டி3 ஒரு வாரம் தொட்டுவிட்டுப் போனால், நூறு கிலோமீட்டர் தள்ளி நல்ல மழை கண்ட பண்ணைக்கும் மூன்று மாதத் தகுதி வந்துவிடும். கவுண்டி எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் புல்லும் அதே அளவு காய்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய கவுண்டிக்குள் அந்த நிறம் நுழையவில்லை என்றால் அவருக்கு இல்லை. ஒரே மேகம், ஒரே மண், நடுவில் ஒரு சாலை. எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு குடும்பம் மந்தையை விற்பதா வைப்பதா என்று தவிக்கும் ஆண்டில், என்றோ நிர்வாக வசதிக்காகக் கிழித்த எல்லை அதைத் தீர்மானிப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தொகையைக் கணக்கிடும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு பெரிய இறைச்சி மாட்டுக்கு ஒரு நாளைக்கு 15.7 பவுண்டு மக்காச்சோளத்துக்கு ஈடான தீவனம் தேவை என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. முப்பது நாளுக்கு 471 பவுண்டு. அங்கே மக்காச்சோளத்தைப் புஷல் கணக்கில் விற்பார்கள், ஒரு புஷல் 56 பவுண்டு. ஆகவே சுமார் 8.4 புஷல். மக்காச்சோளம் புஷல் 5 டாலர் என்று வைத்தால் மாதச் செலவு 42 டாலர். அதில் 60 சதவீதம்தான் அரசு தரும். ஏறத்தாழ 25 டாலர். நம் கற்பனைப் பண்ணையின் 200 பசுக்களுக்கு மாதம் 5,000 டாலர் சொச்சம், டி3 தொட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு 15,000 டாலருக்குச் சற்று மேல். ஆடு என்றால் மாட்டுக்குரியதில் கால் பங்கு. இதற்கும் ஒரு கடிவாளம் உண்டு: அவருடைய நிலம் இயல்பான ஆண்டில் 150 பசுக்களைத்தான் தாங்கும் என்றால், 200 வைத்திருந்தாலும் 150-க்கே பணம். அளவுக்கு மீறி மாடு அடைத்துப் புல்லை மொட்டையடிப்பவருக்குப் பரிசு கிடைக்காமல் இருக்க இது தேவை.

வறட்சி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளுக்குள் அந்த மாடுகள் அவருடையவையாக இருந்திருக்க வேண்டும். கொட்டிலில் அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் மாடுகளுக்கு இது பொருந்தாது. வறட்சி தாங்காமல் ஏற்கனவே விற்றுவிட்ட மாடுகளையும் இந்தத் திட்டம் கணக்கில் எடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்த ஆண்டோ, முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ வறட்சியால் விற்றிருந்தால், வழக்கமான தொகையில் 80 சதவீதம் உண்டு. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். பணம் கிடைக்கும் என்பதற்காக எலும்பும் தோலுமான மாடுகளைக் காய்ந்த நிலத்திலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயத்தை அது ஓரளவு நீக்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. வறட்சி ஆண்டில் பண்ணையாளர் வாங்குவது மக்காச்சோளத்தை அல்ல, வைக்கோலை. சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்திருக்கும்போது வைக்கோல் விலை தீயாக ஏறும். தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவரும் கூலி வேறு. மக்காச்சோளமோ வேறு மாநிலங்களில் விளைவது. அதன் தேசியச் சராசரி விலை மலிந்து கிடக்கலாம். அப்படிப்பட்ட ஆண்டில் உதவி சுருங்கும், செலவு பெருகும்.

வரைபடத்தை வரைபவர்களின் நிலையும் எளிதல்ல. அது எந்திரம் துப்பும் படம் அல்ல. மழை அளவு, மண் ஈரம், ஆற்று நீர், செயற்கைக்கோள் காட்டும் பசுமை எல்லாவற்றையும் பார்த்து, களத்திலிருந்து வரும் தகவல்களையும் கேட்டு, முறைவைத்து மாறும் நிபுணர் ஒருவர் கோட்டை நகர்த்துகிறார். தங்கள் மழைமானியின் அளவை நாள்தோறும் பதியும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பண்ணையாளர்கள் தங்கள் புல்வெளியின் படத்தோடு நிலவரத்தை அனுப்பவும் வழி இருக்கிறது. மழை பெய்யும்போது மட்டுமல்ல, பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று பதிவது மிக முக்கியம். ஆளே இல்லாத பரந்த கவுண்டிகளில் மழைமானி குறைவு; யாரும் சொல்லாத வறட்சி வரைபடத்தில் ஏறாமல் போகக்கூடும்.

மற்ற திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈலாப் என்று அழைக்கப்படுவது, மேலே சொன்ன இரண்டிலும் அடங்காத இழப்புகளுக்கானது: வறட்சியில் குட்டை வற்றித் தண்ணீரை லாரியில் சுமந்த செலவு, தொலைவிலிருந்து தீவனம் கொண்டுவந்த செலவு, தேனீப் பெட்டிகளின் இழப்பு, வளர்ப்பு மீன் இழப்பு. விழுந்த வேலியை மறுபடி கட்ட, அவசரப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று செலவில் 75 சதவீதம் வரை தரும். ஒரு மைல் முள்கம்பி வேலி போட 10,000 டாலரைத் தாண்டும் என்பதால் இதைச் சிறிய உதவி என்று நினைத்துவிடக் கூடாது.

தீ விஷயத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். 2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் வடமுனையில் பிடித்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே மிகப் பெரியது. 7,000-க்கு மேற்பட்ட மாடுகள் இறந்தன. இறந்தவற்றுக்கு எல்.ஐ.பி. உண்டு. குளம்பும் மடியும் வெந்துபோய் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டி வந்தவற்றுக்கும் ஒரு பகுதி உண்டு. எரிந்த புல்லுக்கு? எல்.எஃப்.பி. தீயையும் கணக்கில் எடுக்கும், ஆனால் பண்ணையாளர் உரிமம் பெற்று மேய்க்கும் மத்திய அரசு நிலத்தில் எரிந்து, மேய்க்கத் தடை விதித்தால் மட்டும். டெக்சாஸில் ஏறக்குறைய எல்லாமே தனியார் நிலம். சொந்த நிலத்தில் சொந்தப் புல் எரிந்தவர் ஈலாப் கதவைத்தான் தட்ட வேண்டும். எந்தக் கதவு என்று தெரியாமல் நாட்களை இழப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வரம்புகளும் உண்டு. எல்.எஃப்.பி.-யில் ஒருவர் ஆண்டுக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர் பெறலாம். செத்த மாட்டுக்கான திட்டத்தில் இருந்த உச்சவரம்பை 2018-இல் நீக்கிவிட்டார்கள். வரிப்பணத்தை ஏன் மாட்டுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும், வறட்சி அடிக்கடி வரும் நிலத்தில் மாடு வளர்ப்பதை இது ஊக்குவிக்கிறதே என்ற விமர்சனம் அமெரிக்காவிலேயே வலுவாக உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். குறிப்பாக ஐந்தாண்டில் நான்கு ஆண்டு ஒரே கவுண்டிக்கு வறட்சிப் பணம் போகும்போது, அது பேரிடரா அல்லது அந்த நிலத்தின் இயல்பா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மந்தை என்பது கிடங்கில் அடுக்கிய சரக்கல்ல. ஒரு கிடேரிக் கன்று பிறந்து, வளர்ந்து, சினையாகி, முதல் கன்று ஈன ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அந்தக் கன்று விற்பனைக்கு வர இன்னும் அரை ஆண்டுக்கு மேல். அந்த இடைவெளியை ஒரு குடும்பம் தாண்ட முடியாமல் நிலத்தை விற்றுவிட்டுப் போனால், பின்னால் பள்ளிக்கூடமும் தபால் அலுவலகமும் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 60 சதவீதமும் 75 சதவீதமும் யாரையும் பணக்காரராக்கும் தொகை அல்ல. இடைவெளியைத் தாண்டப் போடும் பலகை அது.

அந்தப் பலகை அட்லஸ் வந்த நாளில் இல்லை. முதலில் வந்தது அக்கம்பக்கத்தாரின் உதவி. மாநிலத்தின் மாட்டுக்காரர், ஆட்டுக்காரர் சங்கங்கள் சேர்ந்து ஒரு நிவாரண நிதி தொடங்கின. 50 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வேறு மாநிலப் பண்ணையாளர்கள் தங்கள் மந்தையிலிருந்து சினைக் கிடேரிகளைப் பிரித்து லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். பணம் அனுப்புவதைவிட இது எவ்வளவு பெரிய உதவி என்பது மாடு வளர்ப்பவருக்குத்தான் புரியும். வந்து இறங்கிய கிடேரி அடுத்த வசந்தத்திலேயே கன்று போடும்.

சட்டம் நான்கு மாதம் கழித்து வந்தது. 2014 பிப்ரவரி 7 அன்று அதிபர் ஒபாமா புதிய பண்ணைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கால்நடைத் திட்டங்களுக்கு இனி காலாவதித் தேதி கிடையாது. அதோடு 2011 அக்டோபர் 1-க்குப் பிறகு நடந்த எல்லா இழப்புக்கும் முன்தேதியிட்டுப் பணம். அட்லஸும் அதில் அடங்கியது. 2012-இல் நாட்டின் நடுப்பகுதியையே வாட்டிய வறட்சியும் அடங்கியது. ஏப்ரல் 15 முதல் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் பனியைத் துடைத்து எடுத்த படங்களும், வில்லை எண் குறித்த நோட்டுகளும் அன்றுதான் அலுவலக மேசைகளுக்கு வந்து சேர்ந்தன.

பணம் கைக்கு வந்தபோது சந்தை மாறியிருந்தது. நாடு முழுவதும் வறட்சியில் மந்தைகள் சுருங்கிப்போயிருந்ததால், 2014-இல் அமெரிக்காவில் மாட்டு விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இழப்பீட்டைக் கணக்கிட்டதோ செத்த நாளுக்கு முந்தைய விலையில், அதிலும் முக்கால் பங்கு. மீட் கவுண்டியில் நாற்பது பசுக்களுக்கான காசோலையை வாங்கிய ஒருவர் அதை வைத்து நாற்பது பசுக்களை வாங்க முடியாது. முப்பதுகூட வாங்க முடியாது.